பெர்சியன் பூனைக்குச் சிக்கு: குளிப்பாட்டும் முன் தோலைப் பாருங்கள்

சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வளரும் ஐந்து வயது ஆண் பெர்சியன். காதுக்குப் பின்னாலும், அக்குளிலும், வயிற்றிலும், தொடையின் பின்பக்கமும் முடி திரண்டு கெட்டியாகிவிட்டது. கழுத்தோரம் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு முடி கொட்டி வெள்ளைச் செதில் தெரிகிறது. சீப்பை எடுத்தாலே கடிக்க வருகிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்: ஷாம்பு போட்டு நன்றாகக் குளிப்பாட்டினால் சிக்கு விடுமா, கத்தரிக்கோலால் நாமே வெட்டலாமா, தேங்காய் எண்ணெய் தடவினால் இளகுமா, ஒரேயடியாக மொட்டை அடித்துவிடலாமா.

முதல் மூன்றும் வேண்டாம். நான்காவது, ஒரு பரிசோதனை முடிந்த பிறகு, அநேகமாகத் தேவைப்படும். நான் பூனை, நாய்களுக்கு முடி பராமரிக்கும் வேலை பார்ப்பவன், மருத்துவர் இல்லை. அதனால் மருந்தின் பெயர் வரும் இடங்களில் அளவு சொல்லமாட்டேன். அது கால்நடை மருத்துவர் பூனையை எடை போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

குளியல் ஏன் வேண்டாம் என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். பெர்சியனுக்கு மேலே நீளமான முடி, அடியில் பஞ்சு போன்ற மெல்லிய உள்முடி என இரண்டு வகை உண்டு. உள்முடி உதிரும்போது கீழே விழுவதில்லை. நீள முடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதன்மேல் எண்ணெய்ப் பசையும் பொடுகும் எச்சிலும் சேர்ந்து, உடம்பு உராயும் இடங்களில் முறுக்கிக்கொள்கிறது. காதுக்குப் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டை போடும் இடம், வால் அடி என்று எப்போதும் அதே இடங்களில் வருவதற்குக் காரணம் இதுதான். இதன்மேல் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் சிக்கு இன்னும் இறுகும். நடுவே தங்கிய ஈரமும் சோப்பும் வெளியே வராது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அந்தச் சிக்கின் அடிப்பாகம் நாள் கணக்கில் நசநசவென்றே இருக்கும். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அதைவிட வசதியான இடம் வேண்டாம். சிக்கெடுத்த பிறகுதான் குளியல். இந்த வரிசை மாறக் கூடாது.

பூனை தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், நாம் எதற்கு என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். சாதாரண வீட்டுப் பூனைக்கு அது பொருந்தும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் பூனையின் நாக்கை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நாக்கில் இருக்கும் முட்களின் நுனியில் குழிவு இருக்கிறது. அது எச்சிலை உறிஞ்சி முடிக்குள்ளே கொண்டுபோய் விடுகிறது. குட்டை முடிப் பூனைகளில் அந்த முள் தோல் வரை எட்டுகிறது. பெர்சியனின் முடி எவ்வளவு அழுந்தினாலும் முள்ளின் நீளத்தைவிடத் தடிமனாக இருப்பதால் எட்டுவதில்லை. ஆகவே சீவிவிட ஆள் வேண்டும், அதுவும் தினமும். விற்கும்போது ‘டால் ஃபேஸ்’, ‘செமி பஞ்ச்’, ‘பஞ்ச் ஃபேஸ்’, ‘டிரிபிள் கோட்’ என்று ரகம் ரகமாகச் சொல்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் சொல்வதில்லை.

அடுத்தது கத்தரிக்கோல். பூனையின் தோல் மெல்லியது, உடம்போடு ஒட்டாமல் தளர்வாக இருப்பது. சிக்கு இறுக இறுகத் தோலும் கூடாரம் போல் மேலே இழுபட்டு அதற்குள் புகுந்துவிடும். முடிச்சு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முடியை வெட்டுகிறோம் என்று நினைத்துத் தோலைக் கிழித்து, தையல் போட ஓடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அக்குளும் வயிறும்தான் மோசம். வயிற்றில் ஆண் பூனைக்கும் முலைக்காம்புகள் உண்டு, முடிக்குள் தெரியாது. சிக்குக்கு அடியில் சீப்பைச் செருகி அதன் மேலே வெட்டலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. சீப்பு உள்ளே நுழையும் அளவுக்குச் சிக்கு தளர்வாக இருந்தால் அதை வெட்டவே தேவையில்லை, பிரித்துவிடலாம்.

பிரிப்பது எப்படி? பட்டாணி அளவு முடிச்சுகள், விரலால் தொட்டால் தோலிலிருந்து விலகி நகரக்கூடியவை என்றால் வீட்டிலேயே முடியும். கொஞ்சம் சோளமாவைத் தூவித் தேய்த்தால் பிசுபிசுப்பு குறையும். டால்கம் பவுடர் வேண்டாம், மூச்சில் போகும். முகம் சப்பையான பூனைக்கு மூச்சே ஏற்கெனவே சிரமம். அப்புறம் முடிச்சுக்கும் தோலுக்கும் நடுவே இருக்கும் முடியை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுப்பு விரலோடு நின்றுவிட வேண்டும், தோலுக்குப் போகக் கூடாது. முடிச்சின் நுனியிலிருந்து, விரலாலும் சீப்பின் ஓரப் பல்லாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டே உள்ளே போங்கள். அடியிலிருந்து இழுத்தால் பூனைக்கு வலிக்கும், ஒருமுறை வலித்தால் அடுத்த முறை சீப்பைக் கண்டதுமே பல்லைக் காட்டும். உங்கள் பூனை கடிக்க வருவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைக்காதீர்கள். வாலை அடிக்க ஆரம்பித்தாலோ காதைப் பின்னுக்கு மடக்கினாலோ அன்றைக்கு அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் பூனையின் சிக்கு அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. தோலோடு ஒட்டிய பெரிய சிக்குக்கு ஒரே வழி கிளிப்பர். வீட்டில் தாடிக்கு வைத்திருக்கும் டிரிம்மர் ஆகாது, அதன் பல்லில் தோல் சிக்கும். விலங்குகளுக்கான கிளிப்பரில் 10 நம்பர் பிளேடு போட்டு, தோலை ஒரு கையால் இழுத்துத் தட்டையாக்கி, பிளேடைத் தோலோடு படுக்க வைத்து ஓட்ட வேண்டும். பிளேடு சீக்கிரமே சூடாகும். அடிக்கடி முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் தோலைச் சுட்டுவிடும். விழித்திருக்கும் பூனை, அதுவும் ஏற்கெனவே வலியில் இருக்கும் பூனை, இதற்கெல்லாம் அசையாமல் இருக்காது. அதனால் அக்குள், வயிறு, தொடை எல்லாம் சேர்ந்து சிக்கு பிடித்திருந்தால் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்துச் செய்வதே நல்லது. பாவம், மயக்கமெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். நான்கு பேர் அமுக்கிப் பிடித்து ஒரு மணி நேரம் கத்தவிட்டுச் செய்வதுதான் எனக்குப் பாவமாகத் தெரிகிறது. சப்பை முகத்துக்கு மூச்சுக்குழாய்ப் பக்கம் கவனம் வேண்டும். பெர்சியன்களில் பரம்பரையாகச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் நோயும் உண்டு. அதனால் மயக்கத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் செலவைப் பார்த்துத் தட்டாதீர்கள்.

கிளிப்பர் போன பிறகு அடியில் என்ன இருக்கிறது என்பதற்குத் தயாராக இருங்கள். சிவந்த தோல், பொடுகு, பக்கு, சில இடங்களில் ரத்தம் கன்றிய நீலம், சில நேரம் சீழ். வால் அடிப்பக்கம் மலம் ஒட்டிய சிக்கு என்றால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்திருப்பதும் உண்டு. இப்போதே அந்தப் பக்கமிருந்து கெட்ட வாடை வந்தால், முடி ஈரமாகவே இருந்தால், இந்தப் பதிலை முழுக்கப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இனி அந்த ஒரு ரூபாய் வட்டம். எனக்குச் சிக்கைவிட இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. பெர்சியனில் வட்டமாக முடி கொட்டிச் செதில் வந்தால், வேறு என்று நிரூபணமாகும் வரை படர்தாமரை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. பெயரில் நாய் இருந்தாலும் அதிகம் தங்குவது பூனையில், அதிலும் பெர்சியனில். சில பூனைகள் வெளியே ஒன்றும் தெரியாமலேயே சுமந்துகொண்டிருக்கும். இது மனிதருக்கும் ஒட்டும். வீட்டில் யாருக்காவது கையிலோ கழுத்திலோ வட்டமாகச் சிவந்து அரிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குழந்தைகள், வயதானவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இருந்தால் கூடுதல் கவனம். அப்படி வந்தால் மருந்துக்கடையில் அரிப்புக்கு என்று கேட்டு வாங்கும் களிம்பைத் தடவாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள் பரவிக்கொண்டே போகும். தோல் மருத்துவரிடம் போய், வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லுங்கள். அந்தக் களிம்பைப் பூனைக்கும் போடக் கூடாது. தடவிய ஐந்தாவது நிமிடம் அது நாக்கில் இருக்கும்.

மருத்துவர் புற ஊதா விளக்கை வைத்துப் பார்ப்பார்; பூஞ்சை பிடித்த முடி ஆப்பிள் பச்சையில் மினுங்கும். மினுங்கவில்லை என்பதால் இல்லை என்று சொல்லிவிட முடியாது. முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்ப்பதும், அதிலுள்ள பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்புவதும் அதனால்தான். வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று வாரம் வரை ஆகலாம். சென்னையில் இருப்பதால் வேப்பேரியில் உள்ள மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கும் கொண்டுபோகலாம். 1903இல் தொடங்கிய கல்லூரி அது; தோல் வியாதி நிறையப் பார்த்த கைகள் அங்கே இருக்கும். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

படர்தாமரை உறுதியானால் வைத்தியம் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். உள்ளுக்கு இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, பெரும்பாலும் ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் விடும் முறையில். வெளியே வாரம் இரண்டு முறை பூஞ்சைக்கான மருந்துக் குளியல். முடி வளர்ந்து அழகாகிவிட்டது என்று நடுவில் நிறுத்துவதுதான் அடிக்கடி நடப்பது. மறுபடி வளர்த்துப் பார்க்கும் சோதனையில் பூஞ்சை இல்லை என்று வந்தால்தான் நிறுத்த வேண்டும். அப்புறம் வீடு. உதிர்ந்த முடியில் இருக்கும் பூஞ்சை வித்துகள் உலர்ந்த இடத்தில் ஒரு வருடத்துக்கும் மேல் உயிரோடு இருக்கக் கூடியவை. பினாயில் ஊற்றித் துடைத்து நாறடிப்பதைவிட, வாக்வம் போட்டு முடியை அகற்றுவதும், பூனை படுக்கும் துணிகளைத் தனியாக, முடி முழுக்கப் போகும்வரை நிறையத் தண்ணீரில் அலசுவதும்தான் முக்கியம். சிகிச்சை முடியும்வரை பூனையைச் சுலபமாகத் துடைக்கக்கூடிய ஒரு அறையில் வைத்துக்கொள்ளுங்கள். அறையில் வைப்பது என்றால் ஒதுக்கி வைப்பது என்று பொருள் இல்லை. கூட இருந்து விளையாடுங்கள், வெளியே வந்து கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

இதற்காகத்தான் பரிசோதனை முடிந்த பிறகு மொட்டை என்று சொன்னேன். பூஞ்சை இருக்கும் பூனையைக் கடைக்குக் கொண்டுபோய்க் கிளிப்பர் ஓட்டினால், அதே பிளேடில் அடுத்த பூனைக்கும் போகும். கிளிப்பர் போட்ட சின்னச் சிராய்ப்புகள் வழியாக உங்கள் பூனையின் உடம்பு முழுக்கவும் பரவும். கடைக்காரரிடம் சொல்லாமல் மறைத்துக் கொண்டுவருகிறவர்களால் எங்கள் தொழிலில் நிறையத் தொல்லை. சொல்லிவிடுங்கள், நாள் முடிவில் கடைசியாக எடுத்துக்கொள்வோம் அல்லது மருத்துவமனைக்கு அனுப்புவோம்.

படர்தாமரை இல்லை என்று வந்தால் அடுத்த சந்தேகம் தெள்ளுப்பூச்சி. வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கு எப்படி வரும் என்று கேட்பீர்கள். மாடிப்படியில் படுக்கும் தெருப்பூனை போதும், மற்றதை உங்கள் கால் பார்த்துக்கொள்ளும். பேன் சீப்பால் முதுகின் கடைசிப் பகுதியைச் சீவி, வரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. தெள்ளுக்கடி ஒவ்வாமை உள்ள பூனைக்கு முதுகிலும் கழுத்திலும் கடுகு கடுகாகப் பக்கு கையில் தட்டுப்படும். காது ஓரத்தில் தொடங்கி முகம், கால் என்று தடித்துப் பொருக்குக் கட்டினால் சொறி; அது ஒரு நுண்ணிய பூச்சியால் வருவது, மருந்துக்கு நன்றாகக் கேட்கும். ஆண் பூனை என்பதால் வாலின் அடியில் மேல்பக்கம் எண்ணெய் வடிந்து முடி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கருத்தடை செய்யாத ஆண்களுக்கு அங்குள்ள சுரப்பி அதிகம் சுரக்கும், சிக்கும் அங்கேயே தொடங்கும். கண்ணீர் வழிந்து மூக்கு மடிப்பில் தேங்குவதால் வரும் புண்ணுக்கு, தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, உடனே உலர்த்துவதே போதும். முகம் முழுக்கக் கருப்பாகப் பிசின் போல அப்பினால் அது வேறு வகை, மருத்துவர் பார்க்க வேண்டும்.

இப்போது நம் வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஆபத்துகள். பூனையின் கல்லீரலால் நம்மைப் போலச் சில வேதிப்பொருட்களை உடைத்து வெளியேற்ற முடியாது. அந்த வசதி அதற்கு மிகக் குறைவு. அதனால் நாய்க்குச் சரியாக இருக்கும் மருந்து பூனையைக் கொன்றுவிடும். நாய்களுக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அது பூனைக்கு விஷம்: எச்சில் வடியும், உடம்பு துடிக்கும், வலிப்பு வரும். மாட்டு உண்ணிக்கு வாங்கும் சைபர்மெத்ரினும் டெல்டாமெத்ரினும் அதே குடும்பம்தான். “கொஞ்சமாகக் கலந்து ஊற்றினேன்” என்று வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டெட்டால் போட்டுக் குளிப்பாட்டுவது நம் ஊரில் பக்தி மாதிரி ஆகிவிட்டது. அதிலுள்ள குளோராக்சிலினால் என்ற கிருமிநாசினி பூனைக்கு ஆகாது, முடியை நக்கும்போது நேராக உள்ளே போகும். மனிதரின் சிரங்குக்குத் தரும் பென்சைல் பென்சோயேட், கற்பூரம், டீ ட்ரீ எண்ணெய் எதுவும் வேண்டாம். வேப்பெண்ணெய் இயற்கை என்பதால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் விஷம் கிடையாது. ஆனால் சிக்கை இளக்காது, தூசியைச் சேர்த்துப் பிசினாக்கும். நக்கினால் வயிற்றுப்போக்கு, அது பின்பக்க முடியில் ஒட்டி அடுத்த சிக்கு. வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரை ஒரு பூனைக்கு எமன்.

இன்னொரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். இவ்வளவு நாள் ஓரளவு நன்றாக இருந்த பூனைக்குத் திடீரென்று சிக்கு கூடினால், அது ஏன் நக்குவதை விட்டது? எடை கூடியிருந்தால் முதுகின் பின்பாதிக்கும் பின்பக்கத்துக்கும் நாக்கு எட்டாது. சிக்கும் பொடுகும் சரியாக அங்கேதான் வரும். வாயில் ஈறு வீங்கிப் பல் வலித்தால் நக்காது. எச்சில் வடிகிறதா, கெட்டியான உணவை ஒரு பக்கமாக மெல்கிறதா என்று கவனியுங்கள். வயதான பூனைகளில் மூட்டுவலி மிகச் சாதாரணம், ஆனால் பூனை பெரும்பாலும் நொண்டாது. உயரமான இடத்துக்குத் தாவுவதை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். சிறுநீரகம் பழுதான பூனையும் சோர்ந்துபோய்த் தன்னைக் கவனிப்பதை விடும், தண்ணீர் அதிகம் குடிக்கும். மருத்துவரிடம் போகும்போது முடியை மட்டும் காட்டாமல் வாயையும் எடையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உணவு பற்றிச் சுருக்கமாக. முடி முழுக்கப் புரதம். தயிர்சாதமும் பாலும் பிஸ்கட்டும் சாப்பிட்டு அந்த அளவு முடியை ஒரு பூனையால் நல்லபடியாக வளர்க்க முடியாது. அது கறி தின்னும் பிராணி. மீன் மட்டுமே கொடுப்பதும் சரிவராது. பச்சை மீன் பலவற்றில் தயாமினை (வைட்டமின் பி1) அழிக்கும் பொருள் உண்டு. பூனைக்கென்று முழுச் சத்தோடு தயாரித்த உணவை அடிப்படையாக வைத்து, வேகவைத்த கோழியை மேலதிகமாகக் கொடுங்கள்.

சிக்கெல்லாம் போய்த் தோல் ஆறிய பிறகு ஒரு வழக்கம் வேண்டும். மெல்லிய கம்பிப் பற்கள் உள்ள பளபளப்பான ஸ்லிக்கர் பிரஷை மட்டும் வைத்துக்கொண்டு மேலாகச் சீவினால் வெளியே பூப்போல இருக்கும், அடியில் சிக்கு கட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் அகலப் பல், மறுபக்கம் நெருக்கப் பல் உள்ள ஸ்டீல் சீப்புதான் உண்மையைச் சொல்லும். வயிற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கி, முடியை வகிடெடுத்து மேலே தள்ளிப் பிடித்து, தோல் தெரிய வரிவரியாகச் சீவுங்கள். தினமும் பத்து நிமிடம், சாப்பாட்டுக்கு முன். முடிந்ததும் பிடித்தது ஏதாவது ஒரு துண்டு. கடிக்கிற பூனைக்கு முதல் வாரம் சீப்பின் முதுகால் கன்னத்தைத் தடவினால் போதும்.

குளியல் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும், அதுவும் முழுக்கச் சீவிய பிறகு, பூனைக்கான ஷாம்புவில். அலசுவதைவிடக் காய வைப்பதுதான் வேலை. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் புதுச் சிக்கு. பிறகு டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, சீவிக்கொண்டே, உள்முடி வரை உலர்த்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டிரையர் இல்லாமல் குளிப்பாட்டாதீர்கள். அந்த இரண்டு மாதம் சீப்பும் ஈரத்துணியும் போதும்.

கடைசியாக மொட்டை. சிக்குக்காகச் செய்வது நியாயம். கோடையில் குளுமைக்காக ஒவ்வொரு வருடமும் முழுக்க வழிப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை; சிக்கில்லாமல் சீவிய முடியில் காற்று போகும், வழித்த தோல் பால்கனி வெயிலில் கருகும். வயிறு, அக்குள், பின்பக்கம் மட்டும் கிளிப்பரால் குட்டையாக்கிவிட்டால் பாதிச் சிக்கு வராது, பூனைக்கும் மானம் போகாது. முழுக்க வழித்தால் பழையபடி வளர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகலாம். உங்கள் பெர்சியன் முகமும் காதும் வாலும் மட்டும் கருத்த ஹிமாலயன் வகை என்றால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த நிறம் தோலின் வெப்பத்தைப் பொறுத்தது. வழித்த இடம் குளிர்ந்து, ஏசி அறையில் இருந்தால் இன்னும் அதிகமாக, புது முடி கருப்பாக வளரும். சாயம் பூசிவிட்டார்களோ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்த முடி உதிர்ந்து அடுத்தது வளரும்போது பெரும்பாலும் பழைய நிறம் வந்துவிடும்.